பதினொன்று பத்து

"ஒரு கையெழுத்துதானே மேடம், போட்டு விடுங்க. பன்னெண்டு மணிக்குள்ள பதினாலாம் பெட் எனக்குக் காலியாகணும்" என்றார் வார்டு சிஸ்டர். நான் அப்போது எட்டாம் படுக்கைக்காரருடைய கைப்பேசியை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அந்தப் பக்கம் அவருடைய மகள்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். யார் என்ன கேட்கிறார்கள் என்று அவருக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. கவச உடைக்குள் முதுகெலும்பு வழியாக வியர்வை ஒழுகிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் ஆவி படிந்து சிஸ்டர் ஒரு நீலக் கலங்கலாகத் தெரிந்தார். நாலரை வருஷம் படித்து, பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்த பிறகு எனக்குக் கிடைத்திருக்கும் பதவி இது: போன் ஸ்டாண்டு.

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். இதைச் சொன்னதும் பத்துப் பேரில் ஒன்பது பேர், "பிசியோவா?" என்பார்கள். பத்தாவது ஆள், "அப்போ எங்க பையனுக்கு ஒரு வேலை பார்த்துக் குடுங்களேன்" என்பார். என் மாமியார் அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருப்பதும் ஏறக்குறைய அதுதான். ஆஸ்பத்திரியில் வேலை வாங்கிக் கொடுக்கிற பிரிவில் மருமகள் இருக்கிறாளாம். உண்மையில் என் வேலை, ஒரு ஆள் பிழைத்துவிட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போன பிறகு ஆரம்பிக்கிறது. பிழைத்தவருக்குச் சட்டைப் பொத்தான் போட வருகிறதா, கழிப்பறையில் உட்கார்ந்து எழ முடிகிறதா, பற்ற வைத்த அடுப்பை அணைக்க ஞாபகம் இருக்கிறதா, இல்லையென்றால் மறுபடி எப்படிப் பழக்குவது. இதெல்லாம் ஒரு படிப்பா என்று கேட்காத மனிதர் கிடையாது. தானாகப் பொத்தான் போடுகிற வரைக்கும் யாருக்கும் அது ஒரு வேலையாகவே தெரிவதில்லை.

தொற்று பரவ ஆரம்பித்த முதல் வாரமே என் அறையைப் பிடுங்கிக்கொண்டார்கள். கீழ்த்தளத்தில் ஒரு முழு வீட்டைச் சின்னதாக வைத்த மாதிரி இருக்கும் அந்த அறை. ஒரு கட்டில், மூன்று படி, ஒரு குளியல் மூலை, கேஸ் அடுப்போடு ஒரு சமையல் மேடை. வீட்டுக்குப் போகும் முன் நோயாளிகள் அங்கே வந்து ஒரு நாள் வாழ்ந்து பார்ப்பார்கள். இப்போது அதில் கவச உடைப் பெட்டிகளைக் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தார்கள். என் அலமாரி அந்தப் பெட்டிகளுக்குப் பின்னால் எங்கேயோ இருந்தது. கையில் மிஞ்சியது ஒரு பேனா, ஒரு அட்டை, ஒரே ஒரு வினாத்தாள். வென்டிலேட்டரில் கிடந்து எழுந்தவர்களுக்குப் பல பேருக்குப் புத்தி கொஞ்ச நாள் குழம்பிக் கிடக்கும். அது தெளிந்துவிட்டதா என்று பார்க்க அந்தத் தாளில் சில கேள்விகள் உண்டு. இன்று என்ன கிழமை? நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சொல்லுங்கள். செருப்பு, பாலம், ஊசி, எலுமிச்சை, மஞ்சள் என்று ஐந்து வார்த்தை சொல்வேன், கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். கடைசியாக ஒரு கடிகாரம் வரைந்து, முள்ளைப் பதினொன்று பத்துக்கு வைக்க வேண்டும்.

கடிகாரம் சும்மா இல்லை. வட்டத்தைச் சுலபமாகப் போட்டுவிடுவார்கள். எண்களையும் எப்படியோ நெருக்கியடித்து எழுதிவிடுவார்கள். பத்து நிமிஷத்துக்குப் பெரிய முள் இரண்டில் நிற்க வேண்டும் என்று கண்டுபிடிப்பதில்தான் வண்டவாளம் தெரியும். குழம்பிய மனசு பத்தைத் தேடிப் போய்ப் பத்தில் வைத்துவிடும்.

பதினாலாம் படுக்கையை வார்டில் எல்லோரும் வேன்காரர் என்பார்கள். முப்பது வருஷம் பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். அறுபத்தோரு வயது. பதின்மூன்று நாள் வென்டிலேட்டரில் இருந்துவிட்டு வார்டுக்கு வந்த புதிதில், கட்டிலின் பக்கவாட்டுக் கம்பியைக் கியர் என்று நினைத்து இழுத்துக்கொண்டிருந்தார். ஊசி போட வந்த நர்ஸிடம், "பெல்ட்டப் போடு பாப்பா" என்றார். வார்டு சிரித்தது, எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் ஒவ்வொரு நாளும் பதினொன்றே முக்காலுக்கு அவர் மனைவி போன் பண்ணுவார், நான்தான் பிடித்துக்கொண்டு நிற்பேன். அந்த அம்மாவுக்குச் சர்க்கரையால் இரண்டு கண்ணும் போய் ஆறு வருஷமாகிறது. பிள்ளைகள் கிடையாது. சமைப்பது, துவைப்பது, தலை சீவி விடுவது எல்லாம் இவர்தான். இவர் ஆஸ்பத்திரிக்கு வந்ததும் அந்த அம்மாவின் தங்கை துணைக்கு வந்திருந்தாள். "அவ நல்லாத்தான் பார்த்துக்கறா. ஆனா தட்டைக் கொண்டாந்து வெச்சிட்டு அவ பாட்டுக்குப் போயிடறா. எது எங்க இருக்குன்னு தெரியாம எல்லாத்துலயும் கைய விடறேன்" என்று ஒருநாள் அந்த அம்மா சொன்னார். அந்தத் தங்கையும் மறுநாள் காலை கிளம்புகிறாள், அவளுடைய மகளுக்குப் பிரசவ தேதி நெருங்கிவிட்டது.

நான் கையெழுத்துப் போட்டால் வேன்காரர் இன்றே வீட்டுக்குப் போகலாம். போடாவிட்டால் படுக்கையைக் காலி செய்வதற்காக அவரைப் பள்ளிக்கூட ஹாலில் போட்டிருக்கும் தற்காலிக வார்டுக்கு அனுப்புவார்கள். நூற்றைம்பது கட்டில், நாலு நர்ஸ், குறைந்தது இரண்டு வாரம். வீட்டில் அந்த அம்மா தனி.

நல்லவேளையாக அவர் தேறிவிட்டார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். வார்டே தேறிக்கொண்டிருந்தது. இரண்டு வாரமாக ஒவ்வொருவரும் கிடுகிடுவென்று ஏழு ஏழாகக் கழித்தார்கள், அச்சு அசலாகக் கடிகாரம் வரைந்தார்கள். போன வாரக் கூட்டத்தில் அந்தக் கடிகாரங்களையெல்லாம் மேஜையில் பரப்பி, "பாருங்க சார், தினமும் பதினஞ்சு நிமிஷம் நான் பேச்சுக் கொடுத்ததோட பலன்" என்று பெரிய டாக்டரிடம் பீற்றிக்கொண்டேன். அவரும் தலையை ஆட்டினார். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது கொஞ்சம் பாட்டுகூட முணுமுணுத்தேன் என்பதை இப்போது வெளியே சொல்லிக்கொள்ள முடியாது.

சிஸ்டரின் அவசரத்துக்காகப் பதினாலுக்குப் போனேன். வேன்காரர் கிழமை சொன்னார். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தார். வார்த்தைகள் ஐந்தும் வந்தன. கடிகாரம் பத்து விநாடியில் தயார். "எப்படி டீச்சரம்மா?" என்று சிரித்தார். கேள்வி கேட்கிறவள் என்பதால் நான் அவருக்கு டீச்சரம்மா. மிச்சம் சட்டை மட்டும்தான். வீட்டிலிருந்து வந்த பையிலிருந்து சட்டையை எடுத்துக் கொடுத்து, போட்டுக்கொள்ளச் சொன்னேன். அவர் எழுந்து நின்று முதல் பொத்தானைப் போட்டபோது, போர்வை விலகித் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு காகிதம் கீழே விழுந்தது. சாப்பாட்டுச் சீட்டு. எடுத்துத் திருப்பினேன்.

பின்பக்கத்தில் வரிசையாகப் பன்னிரண்டு கடிகாரம். எல்லாம் பதினொன்று பத்து. மேலே அழகான கையெழுத்தில் தலைப்பு: 'மிக முக்கிய வினாக்கள்'. அடியில் இரண்டு கோடு. அதற்குக் கீழே என் ஐந்து வார்த்தைகள். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள், 'பதினேழு முறை கேட்கப்பட்டது' என்று குறிப்பு வேறு.

"யாரு எழுதிக் குடுத்தது இது?"

வேன்காரர் பதினொன்றாம் படுக்கையைப் பார்த்தார். அங்கே டியூஷன் மாஸ்டர், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"கோவப்படாதீங்க மேடம். நாப்பது வருஷமாப் பசங்களப் பரீட்சைக்குத் தயார் பண்ணினவன் நான். ரெண்டு வாரமாக் கேட்டுக்கிட்டே படுத்திருக்கேன், ஒரு கேள்விகூட மாறல. கேள்விய மாத்தாதது யார் தப்பு?"

"சார், இது பரீட்சை இல்ல!"

"பாஸானா வீடு, ஃபெயிலானா ஸ்கூல் ஹாலு. இதுக்குப் பரீட்சைன்னு சொல்லாம வேற என்னன்னு சொல்றது?"

எனக்கு அந்த மனிதரைக் குழாயோடு சேர்த்து ஜன்னல் வழியாக வீசலாம் போல இருந்தது. ஆனால் அவர் சொன்னதில் தப்பில்லை, அதுதான் எரிச்சல். இந்த வினாத்தாளுக்கு இன்னும் இரண்டு மாற்றுத் தாள்கள் உண்டு. ஒரே ஆளைத் திரும்பச் சோதிக்கும்போது மாற்றிக் கேட்க வேண்டும் என்பதை முதல் வருஷத்திலேயே சொல்லித் தருவார்கள். அந்தத் தாள்கள் என் அலமாரியில் இருந்தன. அலமாரி பெட்டிகளுக்குப் பின்னால் இருந்தது. நாலு பேரைக் கூப்பிட்டு அந்தப் பெட்டிகளை நகர்த்தச் சொல்ல எனக்கு இரண்டு வாரமாக நேரம் கிடைக்கவில்லை. இதற்கு நடுவில் ஒன்பது பேருக்குக் கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு அனுப்பியிருந்தேன். ஒன்பது பேர். அதில் எத்தனை பேர் நிஜமாகத் தெளிந்து போனார்கள், எத்தனை பேர் மாஸ்டருடைய முக்கிய வினாக்களோடு போனார்கள்?

காகிதத்தைத் திருப்பி வெற்றிடத்தைக் காட்டினேன். "ஐயா, இன்னொரு கடிகாரம் போடுங்க. எட்டு இருபது."

"எட்டு இருபதா?"

"ஆமா. எட்டு இருபது."

வேன்காரர் வட்டம் போட்டார். எண்கள் எழுதினார். பேனாவை நடுவில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தார். உதடு அசைந்தது. பிறகு ஒரு முள்ளைப் பதினொன்றுக்கும் இன்னொன்றை இரண்டுக்கும் இழுத்துவிட்டு, "இதுதானே நீங்க எப்பவும் கேப்பீங்க?" என்றார்.

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"தப்பா?" என்றார் வேன்காரர். என் முகமூடியைத் தாண்டி அவருக்கு என்ன தெரிந்ததோ, சட்டென்று என் கையுறையைப் பிடித்துக்கொண்டார். "டீச்சரம்மா, நாளைக்குக் காலைல மச்சினி கெளம்பிடுவா. அப்புறம் அந்த வீட்ல அவளும் அந்த அடுப்பும்தான். நான் போகாம இருந்தா அவ சும்மா இருக்க மாட்டா, பசிச்சா பத்த வெப்பா. எனக்குக் கடிகாரம் வரலன்னா என்ன, நான் கடிகாரமா விக்கப் போறேன்?"

சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. இந்த உடைக்குள் அழுதால் துடைக்கக்கூட வழியில்லை.

"மேடம், ஆச்சா?" என்று சிஸ்டர் தூரத்திலிருந்து குரல் கொடுத்தார்.

"ஆகல!" என்று கத்தினேன். எட்டாம் படுக்கைக்காரர் பயந்து விழித்தார். "சிஸ்டர், ஒரு சக்கர நாற்காலி குடுங்க. அப்படியே உங்க ரூம்லேர்ந்து கொஞ்சம் பால், டீத்தூள், சர்க்கரை."

"எதுக்கு மேடம்? இப்பப் போய் டீயா? பன்னெண்டுக்கு ஆம்புலன்ஸ்ல ஆள் வராங்க."

"வரட்டும்."

வேன்காரருக்குத் தொற்று நீங்கி ஐந்து நாளாகியிருந்தது, ஆக்ஸிஜனும் இல்லை, கீழே கூட்டிப் போவதில் தடையில்லை. என் உடையை மட்டும் கழற்ற முடியாது, ஒரு நாளைக்கு ஆளுக்கு ஒன்றுதான் தருவார்கள். அறையைத் திறந்தபோது கதவுக்கு உட்புறம் பெட்டிகள் சுவராக நின்றன. கூட்டிப் பெருக்குகிற அக்கா துடைப்பத்தோடு அந்தப் பக்கம் வந்தாள். கேட்ட மாத்திரத்தில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "ரெண்டு மாசமா இதச் சுத்தித்தான் நான் பெருக்கறேன், இன்னிக்காவது ஒரு வழி பண்ணுவோம்" என்று பெட்டிகளை வெளியே தள்ள ஆரம்பித்தாள். ஸ்டோர் அதிகாரி ஓடி வந்தார். கையெழுத்தில்லாமல் பெட்டியைத் தொடக்கூடாதாம். இந்த ஆஸ்பத்திரியில் என்னிடம் மட்டும் ஏன் எல்லோருக்கும் கையெழுத்து வேண்டியிருக்கிறது? "எங்க போடணும், குடுங்க" என்று அவர் நீட்டிய தாளில் படிக்காமல் போட்டேன். இருபது நிமிஷத்தில் பெட்டிகளெல்லாம் வராந்தாவுக்குப் போக, சமையல் மேடை வரைக்கும் அறை திறந்தது. சிலிண்டரில் கேஸ் இருந்தது. லைட்டரை அக்கா எங்கிருந்தோ கொண்டுவந்தாள்.

"ஐயா, எனக்கு ஒண்ணும் வரைய வேண்டாம். ரெண்டு டீ போடுங்க" என்றேன்.

கல்லூரியில் முதல் நாளே எங்களுக்குச் சொன்னது: நோயாளி செய்யும்போது கையைப் பின்னால் கட்டிக்கொள். உதவி செய்யாதே, ஜாடை காட்டாதே, இருமாதே. ஆபத்து வந்தால் மட்டும் நகரு. கேட்கச் சுலபமாக இருக்கும். ஒரு மனிதர் தெம்பில்லாத கையோடு பால் பாத்திரத்தைத் தூக்கும்போது சும்மா நிற்பதைவிடக் கஷ்டமான காரியம் எனக்குத் தெரிந்து உலகத்தில் இல்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

அவர் பாத்திரத்தைக் கழுவினார். தண்ணீரை அளந்தார். அந்த நேரம் பார்த்து அவருடைய கைப்பேசி அடித்தது. பதினொன்றே முக்கால். எடுத்து ஸ்பீக்கரில் போட்டு, மேடைக்கு எதிரே இருந்த மேஜையில் ஒரு காலி டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு, மேஜைக்கும் மேடைக்கும் நடுவில் நின்றுகொண்டார். "இரும்மா, டீச்சரம்மா டீ போடச் சொல்லியிருக்காங்க."

"டீயா? ஆஸ்பத்திரிலயா? என்னங்க உளறீங்க?" அந்த அம்மாவின் குரலில் பயம் தெரிந்தது. கியர் போட்ட நாட்களை அவரும் போனில் கேட்டிருக்கிறாரே.

முறைப்படி நான் அந்தப் போனை அணைத்திருக்க வேண்டும். அணைக்கவில்லை. என்னைக் கேட்டால், இரண்டு வாரம் ஒரே வினாத்தாளை வைத்து ஓட்டியவளுக்கு முறையைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை இருக்கிறது?

அடுப்பைப் பற்ற வைத்தார். சுத்தம் செய்யாத பர்னர், உஸ்ஸென்று இரைந்தது. டீத்தூள், பால், சர்க்கரை எல்லாம் சரியாக விழுந்தன. பொங்கி வந்தபோது பாத்திரத்தை டக்கென்று தூக்கிவிட்டார். நான் உள்ளுக்குள் கைதட்டினேன். வடிகட்டி இரண்டு டம்ளரில் ஊற்றினார், கொஞ்சம்தான் சிந்தியது. பாத்திரத்தைத் தொட்டியில் போட்டார். மனைவியிடம் மச்சினியின் ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்க ஆரம்பித்தார்.

அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

பத்து, பதினைந்து, இருபது என்று எண்ணினேன். அணைங்கய்யா. முதுகுக்குப் பின்னால் என் விரல்களை நானே நெரித்துக்கொண்டேன். முப்பது. கைப்பிடித் துணி மேடையில் இருந்தது, தீயிலிருந்து ஒரு முழம் தூரம். பார்த்துத் தொலைங்கய்யா, பின்னாலதான் இருக்கு. நாற்பது.

"ஏங்க" என்றது போன். "அடுப்பு இன்னும் இரையுதே?"

வேன்காரர் முதலில் என்னைத்தான் பார்த்தார், அடுப்பை அல்ல. பிறகு திரும்பி அணைத்தார். அறையில் சத்தம் நின்றது. அவர் தோள் இறங்கியது. அவருக்கும் தெரிந்துவிட்டது.

மேஜையில் வைத்திருந்த என் அட்டையில் படிவம் இருந்தது. சமையல் என்ற வரிக்கு எதிரே மூன்று கட்டங்கள்: தானாகச் செய்வார், உதவியுடன் செய்வார், இயலாது. இரண்டாவதில் குறியிட்டால் அடுத்த கேள்வி ஒன்று உண்டு. உதவுபவர் உடல் தகுதி உள்ளவரா? ஆம் அல்லது இல்லை. இரண்டு கண்ணும் தெரியாத ஒருவர், கண் தெரிந்த நானும் அடுப்பும் இருக்கிற அறைக்குப் பல மைல் தள்ளி உட்கார்ந்துகொண்டு, எனக்கு முன்னால் அதைச் சொல்லிவிட்டாரே, அவருக்கு எந்தக் கட்டம்? அவர் தூங்கும்போது எரிந்தால்? குளிக்கும்போது எரிந்தால்? இந்தப் படிவத்தை அச்சடித்த மகானுபாவன் எவனோ, இரண்டு பேர் சேர்ந்து ஒரு ஆளாக வாழ்வார்கள் என்று நினைத்தே பார்க்கவில்லை. உடைக்குள் என் கைப்பேசி தொடையில் அதிர ஆரம்பித்தது. டியூட்டி டாக்டராகத்தான் இருக்கும். எடுக்க வேண்டுமென்றால் உடையைக் கிழிக்க வேண்டும்.

"டீச்சரம்மா என்ன சொல்றாங்க?" என்றது போன் மெதுவாக.

"ஒண்ணும் சொல்லலம்மா. நிக்கறாங்க."

அவர் எனக்கென்று ஊற்றிய டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். முகமூடி போட்டவளால் குடிக்க முடியாது என்பது அவருக்குத் தோன்றவில்லை. பிறகு இன்னொரு டம்ளரை எடுத்தார். தனக்கென்று நினைத்தேன். ஒரு தட்டில் அதை வைத்தார், வார்டில் கொடுத்த பிஸ்கட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பிரித்து இரண்டை அடுக்கினார். தட்டை மேஜையில் கைப்பேசிக்கு முன்னால் வைத்து, ஒரு கணம் பார்த்துவிட்டு, டம்ளரைக் கொஞ்சம் நகர்த்தினார். பழக்க தோஷம். அவர் அதை யோசித்துச் செய்ததாகவே தெரியவில்லை.

"டீ மூணு மணிக்கு இருக்கு. பிஸ்கட் ஒம்போதுல. சூடு, பார்த்து" என்றார் போனிடம்.

அந்தப் பக்கம் இருந்து அந்த அம்மா, "ம்" என்றார். மறுபடியும், "ம்."

கண் தெரியாதவர்களுக்குத் தட்டையே கடிகாரமாக வைத்து, எது எத்தனை மணியில் இருக்கிறது என்று சொல்வது ஒரு வழி. ஆனால் அவர் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் டம்ளர் ஒன்பதில் இருந்தது. எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. தப்பு என்று மனசுக்குள் குறித்துக்கொண்டேன். ஏதோ தோன்றி, மேஜையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்க் கைப்பேசிக்குப் பின்னால், அந்த அம்மா உட்கார்ந்திருந்தால் எங்கே உட்கார்ந்திருப்பாரோ அந்த இடத்தில் குனிந்து பார்த்தேன். வலது கைக்கு நேராக, இம்மி பிசகாமல் மூன்று மணியில் டம்ளர் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. இடது பக்கம் ஒன்பதில் இரண்டு பிஸ்கட்.

தொடையில் போன் நின்று, மறுபடி அதிர்ந்தது. வேன்காரர் அடுப்பைத் திரும்பிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கையெழுத்துப் போடாத படிவம் மேஜையில் கிடந்தது, என் கைகள் இன்னும் பின்னால்தான் இருந்தன.